ஒரு கூடத்தில் இரண்டு கம்பெனி

திங்கட்கிழமை காலை நாங்கள் வேலைக்குப் போனபோது சலவைக்கூடத்தின் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. வாசற்படியில் தொடங்கி, துவைக்கிற பக்கத்தையும் இஸ்திரிப் பக்கத்தையும் பிரித்துக்கொண்டு, பின்சுவரில் போய் முட்டி நின்றது. பெயின்ட் சரியாகக் காயவில்லை. டிரையர் பார்க்கிற நெட்டைதான் முதலில் உள்ளே நுழைந்தாள். கோட்டை மிதித்துவிட்டு, செருப்பைத் தூக்கி அடியைப் பார்த்து, "என்னடி இது, வீட்டுக்குள்ளயே ரோடு போட்டுட்டாங்க? பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பத்து மணிக்கு முன்னால் அவர் முகத்தை நாங்கள் பார்த்ததே கிடையாது.

"எல்லாரும் கிட்ட வாங்க. பயப்பட ஒண்ணுமில்ல," என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

அன்று முதல் எங்கள் சலவைக்கூடம் இரண்டு கம்பெனி. கோட்டுக்கு இடப்பக்கம், துவைக்கிற இயந்திரங்களும் டிரையர்களும் அழுக்குத் துணிக்கு எண் கட்டுகிற என் மேசையும், முதலாளி பெயரில். ஏழு பேர். வலப்பக்கம், இஸ்திரி மேசைகளும் மூட்டை கட்டுகிற இடமும், அவர் மனைவி பெயரில். ஆறு பேர். அந்த அம்மாவை நாங்கள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறோம். வீட்டுத் திரைச்சீலையில் கறை போகவில்லை என்று கத்துவதற்காக வந்திருந்தார்.

நானும் என் அக்காவும் ஒரே வீட்டில் எழுந்து, ஒரே கண்ணாடியில் தலைவாரி, ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். அக்கா வலப்பக்கம். நான் இடப்பக்கம்.

"சார், கக்கூஸ் எங்க பக்கத்துலதான இருக்கு," என்றாள் நெட்டை. "இஸ்திரிக்காரங்க வரணும்னா விசா எடுக்கணுமா?"

"உனக்கு எல்லாமே விளையாட்டு. அதுக்கும் ஒப்பந்தம் போட்டாச்சு. வக்கீல் ஒண்ணும் விடல."

உண்மையாகவே அப்படி ஒரு காகிதம் இருந்தது. பின்னால் என் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டாம் தரப்பினரின் ஊழியர்கள் முதல் தரப்பினரின் கழிவறையை நியாயமான அளவில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதி, புருஷனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இதெல்லாம் எதற்கு என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அந்த மாதம் முதல் தேதியிலிருந்து புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடமென்றால், ஒரு வருடம் வேலை செய்த பெண்ணுக்குப் பிரசவத்துக்காக ஆறு மாதம் சம்பளத்தோடு விடுப்பு. திரும்பி வரும்போது அதே வேலை அவளுக்காகக் காத்திருக்க வேண்டும். பத்துக்குக் கீழே என்றால் எதுவும் கிடையாது. பதிமூன்று பேரை ஏழும் ஆறுமாக வெட்டிவிட்டால் இரண்டு பக்கத்திலும் சட்டம் நுழையாது. எத்தனையோ பேர் எத்தனையோ வருடம் கேட்டு வாங்கிய ஒன்றை நிறுத்த ஒரு டப்பா பெயின்ட் போதுமானதாக இருந்தது.

அக்காவுக்கு அப்போது ஏழாவது மாதம்.

முதல் குழந்தை பிறந்தபோது அவள் இருபத்தெட்டாவது நாள் வேலைக்கு வந்தாள். வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். நின்றபடியே தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தவளுக்கு மார்பில் பால் கட்டி, சட்டை நனைந்து, கையிலிருந்த உறையிலும் சொட்டிவிட்டது. அதை மறுபடி துவைக்கப் போட்டார்கள். தப்பு அவளுடையது என்று மூட்டைச் சீட்டில் அவளுடைய ஆள் எண்ணைக் குறித்தார்கள். அந்த மூட்டைக்கு எண் கட்டியது நான்தான். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தடவை சட்டம் வரப்போகிறது என்று செய்தித்தாளில் பார்த்த நாளில், அக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அதை எடுத்துப் படிப்பாள். "அதே வேலைன்னு போட்டிருக்கு பாரு. அதே வேலை," என்பாள், ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

முதலாளி எல்லாருக்கும் புது நியமனக் கடிதம் கொடுத்தார். அக்கா தன்னுடையதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"சார், சேர்ந்த தேதி இன்னைக்குன்னு இருக்கே?"

"புதுக் கம்பெனிம்மா. இன்னைக்குத்தான சேர்ற?"

"பதினோரு வருஷமா வர்றேனே?"

"அது அந்தக் கம்பெனி," என்று கோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். கை நீட்டிய தூரம் மூன்றடி இருக்கும்.

சட்டம் நுழையாதபடி கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டிருந்தார். ஒருவேளை ஆட்களின் எண்ணிக்கை உதைத்தாலும், ஒரு வருடம் ஆகவில்லை என்று தட்டிவிடலாம். வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன் என்று அக்கா கடிதத்தைப் பைக்குள் வைத்தாள்.

சாயங்காலம் மாமா, அதாவது அக்காவின் கணவர், சீருடையைக் கூடக் கழற்றாமல் அதைப் படித்தார். அவர் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சல்யூட் அடித்து அடித்து, எந்தக் காகிதத்தைக் கண்டாலும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றுவிடுவார்.

"போட்டுக் குடுத்துடு," என்றார்.

"போட்டா லீவு கிடையாது."

"போடலன்னா வேலையே கிடையாது. எது பெரிசு?"

"போன தடவை இருவத்தெட்டு நாள்ல போனேன். அப்ப இருந்துச்சே, அதுக்குப் பேரு வேலையா?"

"நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க கேட்டுல யாராவது மஞ்சள் பெயின்ட் அடிச்சு, அண்ணே நீங்க பாதிக் கேட்டுக்குத்தான் வாட்ச்மேன், மீதிக் கேட்டு வேற கம்பெனின்னு சொன்னா, சல்யூட் அடிப்பீங்களா?"

மாமா தொப்பியைக் கழற்றி வைத்தார். பிறகு மெல்ல, "அடிப்பேன்," என்றார். "அடிச்சுத்தான ஆகணும்." அதற்குமேல் அவரோடு சண்டை போட எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் முதலாளி, கையெழுத்துப் போடாதவர்கள் புதன்கிழமை வர வேண்டியதில்லை என்றார். எல்லாரும் போட்டோம். நானும் போட்டேன். அக்கா கடைசியாகப் போட்டாள். பேனாவை மூடி அவர் சட்டைப்பையிலேயே செருகிவிட்டு வந்தாள். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், சிரித்தார்.

அடுத்த வாரமே தொழிலாளர் துறை ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது. புதுச் சட்டம் வந்த முதல் மாதத்தில் ஒவ்வொரு இடத்தையும் நேரில் பார்க்கிறார்களாம். முதலாளி எங்களைக் கோட்டின் இருபக்கமும் வரிசையாக நிற்கவைத்து ஒத்திகை நடத்தினார்.

"அந்தப் பக்கம் இருக்கறவங்களத் தெரியுமா?"

"தெரியாது சார்," என்றோம் கோரஸாக.

"தெரியவே தெரியாதுன்னா சந்தேகம் வரும். பாத்திருக்கோம், பழக்கமில்ல. அவ்வளவுதான்." என்னிடம் வந்தார். "இந்தப் பொண்ணு யாருன்னு கேட்டா?"

"எங்க அக்கா சார்."

"அக்கான்னு சொல்லாத."

"பின்ன?"

"பக்கத்துக் கம்பெனி."

நெட்டை வாயைப் பொத்திக்கொண்டாள். இஸ்திரி அண்ணன், எங்களில் மூத்தவர், எதற்கும் தலை நிமிராதவர், இஸ்திரிப் பெட்டியை 'டங்'கென்று வைத்தார். அது கோபமா, கை தவறியதா என்று அப்போது தெரியவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு," என்றார் முதலாளி.

"பக்கத்துக் கம்பெனி," என்றேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

ஆய்வாளர் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார். பையின் வார் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. முதலாளி நீட்டிய குளிர்பானத்தை வேண்டாம் என்று விட்டு, கோட்டைப் பார்த்தார்.

"இதுதான் எல்லையா?"

"ஆமா மேடம். ரெண்டு பதிவு, ரெண்டு மின் இணைப்பு, ரெண்டு வருகைப் பதிவேடு. எல்லாம் தனித்தனி."

"அப்படியா. இன்னைக்குக் காலையில இருந்து நான் பாக்கற மூணாவது எல்லை இது. ஒரு பேக்கரியில நடுவுல திரை தொங்குது. ஒரு அச்சாபீஸ்ல வரிசையா பீரோ."

முதலாளி இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று புரியாமல் தலையை ஆட்டினார்.

ஆய்வாளர் ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். ஒன்றிலும் குறையில்லை. கழிவறை ஒப்பந்தத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். துவைக்கிற பக்கத்தில் ஒவ்வொருவரையும் கேட்டார். பாத்திருக்கோம், பழக்கமில்ல. பாத்திருக்கோம், பழக்கமில்ல. எல்லாரும் தரையைப் பார்த்துச் சொன்னார்கள். என் முறை வருவதற்குள் அவருக்கே சலித்துவிட்டது. என் மேசையின் மூலையில் படிவத்தை வைத்து, பேனாவைத் திறந்தார். மேலே 'சட்டம் பொருந்தும்', 'சட்டம் பொருந்தாது' என்று இரண்டு கட்டங்கள். பேனா முனை இரண்டாவது கட்டத்துக்கு நேராக நின்றது.

அப்போது டிரையரில் மணி அடித்தது.

டிரையரிலிருந்து எடுத்த படுக்கை விரிப்பைச் சூடாக இருக்கும்போதே மடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் குவித்துப் போட்டால் சுருக்கம் விழுந்துவிடும், பிறகு எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓங்கி ஒரு உதறு உதறி, முனையோடு முனை சேர்த்து, எதிரெதிராக நடந்து வந்து ஒருத்தி கையில் ஒருத்தி கொடுப்பாள். அதற்கு எட்டு அடி காலி இடம் தேவை. அந்தக் கூடத்தில் அப்படி ஒரே இடம்தான் உண்டு. கோடு அதன் நடுவே போனது.

கக்கூஸை யோசித்த வக்கீல் இதை யோசிக்கவில்லை. முதலாளியும்தான். இருபது வருடமாகச் சலவைக்கூடம் நடத்துகிறவர், ஒரு நாளாவது ஒரு விரிப்பின் முனையைப் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். எங்களுக்கும் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. கோடு போட்ட பிறகும் தினமும் நானூறு விரிப்பு அப்படித்தான் மடிந்து போய்க்கொண்டிருந்தது. கையும் காலும் அதன் பாட்டுக்குச் செய்கிற காரியத்தை யார் கவனிப்பார்கள்?

நெட்டை முதல் விரிப்பை உருவி, ஒரு முனையை வீசினாள். அக்கா அந்தப் பக்கத்திலிருந்து பிடித்தாள். உதறினார்கள். விரிப்பு கோட்டுக்கு மேலே ஒரு கணம் வெள்ளையாக உப்பி இறங்கியது. வழக்கமாக இருவரும் பாதிப் பாதி நடப்பார்கள். அக்காவுக்கு வயிறு ஏறியதிலிருந்து நெட்டைதான் முழுத் தூரமும் நடந்து போய், முனைகளை அவள் கையில் கொடுத்து, குனிந்து கீழ் மடிப்பையும் தானே எடுத்துத் தருவாள். அன்றும் அப்படியே போனாள். கோட்டைத் தாண்டி, பக்கத்துக் கம்பெனிக்குள், குனிந்து, நிமிர்ந்து, திரும்பி வந்தாள்.

ஆய்வாளரின் பேனா அப்படியே நின்றது. கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார்.

முதலாளி இருமினார். நெட்டை அடுத்த விரிப்பை உருவியவள், அந்த இருமலைக் கேட்டு நிமிர்ந்து, ஆய்வாளர் முகத்தைப் பார்த்து, தன் காலைப் பார்த்து, உறைந்துவிட்டாள். ஆய்வாளருக்குப் பின்னால் நின்ற முதலாளி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண்ணாலேயே ஏதோ சொன்னார். மடித்தால் வேலை கிடையாது என்பதுதான் அது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு நெட்டையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"போடுடி. சூடு ஆறுது."

"அக்கா..." என்றாள் நெட்டை.

"போடுன்னு சொல்றேன்ல."

நெட்டை வீசினாள். உதறினார்கள். இந்தத் தடவை அக்கா தானே நடந்தாள். ஏழு மாத வயிறு முன்னால் வர, அவசரமில்லாமல், கோட்டின்மேல் ஒரு காலையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காலையும் வைத்து, நெட்டை கையில் முனைகளைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். திரும்பிப் போகவில்லை.

"இந்த விரிப்பு எந்தக் கம்பெனியோடது?" என்றார் ஆய்வாளர்.

"அது வந்து மேடம், அந்தப் பக்கம் துவைச்சு, இந்தப் பக்கம்... ஒப்படைக்கறதுக்கு ஒப்பந்தம்..." என்றார் முதலாளி.

"எந்த இடத்துல ஒப்படைக்கறாங்க?"

"முதல் மடிப்பு எங்க கம்பெனி மேடம்," என்றாள் நெட்டை. உறைந்தது உருகிவிட்டது போலும். "ரெண்டாவது மடிப்பு அவங்க கம்பெனி. மூணாவது மடிப்புக்கு இன்னும் வக்கீல் வரல."

துவைக்கிற பக்கத்தில் யாரோ 'பக்'கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கோட்டைத் தாண்டிப் போனது.

"ஏதோ அக்கம்பக்கம்னு ஒரு உதவி மேடம்," என்றார் முதலாளி. "பிள்ளத்தாச்சிப் பொண்ணு, பாவம்னு..."

"பாவமா?" என்றாள் அக்கா. அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. "பச்ச உடம்போட வந்து நின்னேனே, அன்னைக்கு எங்க போச்சு சார் இந்தப் பாவம்? பால் சொட்டிடுச்சுன்னு என் நம்பரக் குறிச்சு வச்சீங்களே, அது பாவத்துலயா குறிச்சீங்க?"

முதலாளி ஆய்வாளரைத்தான் பார்த்தார். "மேடம், இவங்க சேர்ந்து பத்து நாள்தான் ஆகுது. கடிதத்தப் பாருங்க."

"எத்தனை நாளா சேர்ந்து மடிக்கறீங்க?" என்று ஆய்வாளர் அக்காவைக் கேட்டார்.

"பதினோரு வருஷம்."

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

பழைய வருகைப் பதிவேடுகள் எல்லாம் கோடு வந்த வாரத்திலேயே காணாமல் போயிருந்தன. ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "இவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எங்க அக்கா," என்றேன். "கூடப் பிறந்த அக்கா. எழுத்துல இருக்கு மேடம்."

மேசைக்கு அடியிலிருந்து தகரப் பெட்டிகளை இழுத்தேன். ஒவ்வொரு மூட்டையிலும் மடித்த இருவரின் எண்ணும் தேதியும் போட்டு ஒரு சீட்டு வைப்பது எங்கள் வழக்கம். கறையோ கிழிசலோ இருந்தால் யார் தலையில் கட்டுவது என்று தெரிவதற்காக முதலாளியே கொண்டுவந்த ஏற்பாடு. அடுத்த அழுக்கு மூட்டையோடு திரும்பி வந்த சீட்டுகளைக் கம்பியில் குத்தி, வருடவாரியாகப் பெட்டியில் போடுவது என் வேலை. தூக்கிப்போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத குப்பை அது.

ஆய்வாளர் தரையில் குந்தி உட்கார்ந்து, கைக்கு வந்த சீட்டையெல்லாம் எடுத்துப் பார்த்தார். நான்கு, ஒன்பது. நான்கு, ஒன்பது. நான்கு, ஒன்பது.

"நாலு யாரு?"

"நான்," என்றாள் அக்கா.

"ஒம்பது நான்," என்றாள் நெட்டை.

"யாராவது சாட்சிக் கையெழுத்துப் போடுவீங்களா? ரெண்டு பேர் வேணும். சொந்தக்காரங்க ஆகாது."

முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். நெட்டை ஈரக்கையை முந்தியில் துடைத்துக்கொண்டு வந்து போட்டாள். பிறகு யாரும் அசையவில்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது, உடனே நானே பத்து நாள் முன்னால் எங்கே கையெழுத்துப் போட்டேன் என்பது நினைவுக்கு வந்து அந்தக் கோபம் என்மேலேயே திரும்பியது. கடைசியில் இஸ்திரி அண்ணன் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்தார். பேனாவைத் தலைகீழாகப் பிடித்து, சரிசெய்து, பொறுமையாகத் தன் முழுப் பெயரையும் எழுதினார்.

"அண்ணே, யோசிச்சுத்தான் பண்றீங்களா?" என்றார் முதலாளி.

"இருபது வருஷமா யோசிச்சேன் சார்," என்றார் அவர்.

ஆய்வாளர் முதல் கட்டத்தில் குறியிட்டார். ஒரே நிறுவனம், ஆட்கள் பதிமூன்று என்று எழுதி ஒரு நகலை முதலாளியிடம் கொடுத்தார். "மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கு. வக்கீலக் கேளுங்க. சாட்சி சொன்னவங்கள நிறுத்தினா அது தனிக் குற்றம், அதையும் கேளுங்க." பிறகு அக்காவிடம், "நீங்க லீவு மனு எழுதியாச்சா? இன்னைக்கே குடுத்துடுங்க. நாளைக்கு இவர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியாது," என்றார்.

என் மேசையில் வைத்து நான் எழுதினேன். அக்கா சொல்லச் சொல்ல. சேர்ந்த தேதியை, பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்தத் தேதியை, அவள் கிழமையோடு சொன்னாள். கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் நீட்டினாள்.

"மேசையில வச்சுட்டுப் போ. பாக்கறேன்."

"பெற்றுக்கொண்டேன்னு முத்திரை போட்டு ஒரு நகல் குடுங்க சார்."

"எந்த முத்திரையப் போடுறது? ரெண்டு இருக்கே," என்றார், கடைசியாகக் கிடைத்த ஒரு பொந்தில் காலை வைக்கிறவர் மாதிரி.

"எதுவானாலும் சரி," என்றார் ஆய்வாளர், பையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே. "ரெண்டும் ஒண்ணுதான்."

முதலாளி இழுப்பறையைத் திறந்து ஒரு முத்திரையை எடுத்தார். மையில் தொட்டும் தொடாமலும் ஒற்றி, காகிதத்தில் வைத்து எடுத்தார். வெளிறிய நீலத்தில் ஒரு ஓரம் மட்டும் விழுந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

அக்கா காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். திரும்ப அவர் முன்னால் வைத்து, விரலால் நீவிவிட்டாள்.

"படியல சார்," என்றாள். "நல்லா அழுத்திப் போடுங்க."